அம்மனுக்கு அரைப் பேர்

கொலை வழக்கை மொழிபெயர்ப்பது சுலபம். கத்தி எந்த மொழியிலும் கத்திதான். குத்தியவன் அதிகம் பேசமாட்டான், குத்துப்பட்டவன் பேசவே மாட்டான். சிரிக்க வைக்கிற பகிடியை மொழிபெயர்ப்பதுதான் உயிர் போகிற வேலை. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலம் முழுவதிலும் எனக்கு ஒரே ஒரு முறைதான் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று வியர்த்தது. அது ஒரு பகிடி வழக்கு.

அண்மையில் இந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மூவர் என்னைப் பார்க்க வந்தார்கள். சட்டச் சொற்கள் எல்லாவற்றுக்கும் இப்போது அச்சடித்த அகராதி வந்துவிட்டதாம். "உங்களைப் போல நாங்கள் திண்டாடத் தேவையில்லை ஐயா" என்றார் ஒருவர். மகிழ்ச்சி என்றேன். மனம் புண்படுவது என்பதற்கு அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். புரட்டி எடுத்து வாசித்துக் காட்டினார். ஆங்கிலச் சொல் ஒன்று, அதற்கு நேரே தமிழ்ச் சொல் ஒன்று. எனக்கு அது அவ்வளவு நேராக வாய்க்கவில்லை என்றேன். அன்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வடக்கே பிறந்தவன். ஆங்கிலமும் ஓரளவு சிங்களமும் படித்து, பரீட்சை எழுதி, இரண்டு கரையோர நீதிமன்றங்களில் மூத்தவர்களின் பின்னால் நின்று தொழில் பழகி, ஐம்பதுகளின் தொடக்கத்தில் மலைநாட்டுக்கு மாற்றலாகிப் போனேன். ஊரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் விடுகிறேன். புண்பட ஆயத்தமாக இருக்கும் மனங்கள் அங்கே இன்னமும் இருக்கக்கூடும். நோர்வூட்டுப் பக்கமிருந்தும் தலவாக்கலைப் பக்கமிருந்தும் ஆட்கள் பஸ் பிடித்து வந்து, நனைந்த கம்பளியோடு வழக்குக்குக் காத்து நிற்கும் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழன்தானே, தமிழருக்கு மொழிபெயர்ப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முதல் கிழமையே ஒரு சாட்சி, "நான் அன்னைக்கு மலைக்குப் போயிட்டேங்க" என்றான். மலைக்குப் போனதாகச் சாட்சி சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நீதவான் பேனாவைத் தூக்கி, "எந்த மலை? யாத்திரை போனாரா?" என்று கேட்டார். பொலிஸ்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். தோட்டத்தில் மலை என்றால் அன்றன்றைக்கு வேலை நடக்கிற தேயிலைக் காணி. அவன் கொழுந்து நிறுக்கப் போயிருந்தான். நான் அவனைச் சிவனொளிபாத மலைக்கு அனுப்பப் பார்த்தேன்.

அந்த நீதவானின் பெயர் கெல்லர். பறங்கியர், என்னைப் போலவே கரையிலிருந்து வந்தவர். ஒல்லியான மனிதர். சாட்சியங்கள் எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதுவார். சாட்சி வேகமாகப் பேசினால் இடது கையின் சின்ன விரலை மேசையிலிருந்து இலேசாக உயர்த்துவார். நான் சாட்சியை நிறுத்த வேண்டும். சிரிக்கமாட்டார். நீதிமன்றமே சிரிக்கும்போது கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப் பட்டியின் நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிக்கொள்வார். அதற்குள் சிரிப்பு அடங்கியிருக்க வேண்டும் என்பது விதி.

ஒரு தடவை ஒருவன் தன் அயல்வீட்டுக்காரனை எருமை மாடே என்று ஏசியதாக வழக்கு. நாகரிகமாக இருக்கட்டும் என்று, மந்தமானவன் என்று திட்டினாராம் என்றேன். கெல்லருக்கு அதற்குள் கொஞ்சம் தமிழ் காதில் விழத் தொடங்கியிருந்தது.

"ஏதோ ஒரு விலங்கின் பெயர் கேட்டதே" என்றார்.

"எருமை, ஐயா."

"அப்படியானால் எருமை என்றே எழுதுவோம். சாட்சியைத் திருத்துவதற்கு உமக்குச் சம்பளம் தரப்படவில்லை. அவன் அழுக்காகப் பேசினால் அழுக்காகவே எனக்குத் தாரும்."

அதன் பிறகு நான் எவருடைய வார்த்தையையும் கழுவியது கிடையாது.

வழக்குக்கு வருகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து மூன்று வளைவு தள்ளி ஒரு பெரிய தோட்டம். அங்கே மாரியம்மன் கோயில். கோயிலுக்குத் தர்மகர்த்தா, தொழிலாளர் கூட்டத்துக்கும் தலைவர், வீரமலைப் பெரிய கங்காணி. கங்காணிமாரின் அதிகாரம் சட்டப்படி தேய்ந்துகொண்டிருந்த காலம் அது. சட்டம் தேயத் தேய அவர் கோயிலில் வளர்ந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் தேர் எதற்கு முன்னால் நிற்கும், எதற்கு முன்னால் நிற்காது என்பது அவர் கையில் இருந்தது.

சடையன் அதே தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவன். தேயிலைச் செடியை வெட்டி ஒழுங்கு செய்கிற வேலை. திருவிழாக் கூத்தில் கோமாளி வேடம் அவனுடையது. நேரில் பார்த்தால் வயிற்றுவலிக்காரன் போன்ற முகம். நான் அவனை எத்தனையோ முறை பார்த்தும் அவன் சிரித்துப் பார்த்ததில்லை.

அந்த வருடத் திருவிழாவில், கூத்துக்கு நடுவே, சடையன் தனியாக ஒரு துண்டு நடித்தான். மாரியம்மன் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்க வருகிறாள். அவளை வேலை வாங்குகிறார் ஒரு கங்காணி. இரண்டும் சடையனே. துண்டைத் தலையில் போட்டால் அம்மன், தோளில் போட்டால் கங்காணி. சனம் உருண்டு சிரித்தது. மறுநாள் காலையில் வீரமலைக் கங்காணி தோட்டத்தை நடத்தும் பெரிய துரையிடம் போனார். துரை, கோயில் விவகாரம் எனக்குத் தெரியாது, நீதிமன்றம் தண்டித்தால் ஆளைத் தோட்டத்தை விட்டு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு நாயை நடத்திக்கொண்டு போய்விட்டார். கங்காணி பொலிசுக்குப் போனார். அங்கே புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, வேண்டுமென்றே சமய உணர்வைப் புண்படுத்துவது குற்றம் என்ற பிரிவைக் கண்டெடுத்தார். அந்தப் பிரிவை அந்த ஊரில் அதற்கு முன் யாரும் திறந்ததில்லை.

தண்டனை கிடைத்தால் சடையனுக்குச் சிறை மறியல் மட்டுமல்ல. வேலையிலிருந்து நிறுத்தும் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து, பெண்சாதி பிள்ளைகளோடு லயத்துக் காம்பராவை விட்டு இறக்கிவிடுவார்கள். வேறு தோட்டம் எடுக்காது. இந்தியாவிலிருந்து வந்த வழி என்று அவர்களுக்கு இந்த நாட்டில் குடியுரிமையும் இல்லை, இந்தியாவிலும் இல்லை. றோட்டில் நிற்பதற்குக்கூட ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

வழக்கு நாளன்று மண்டபம் நிரம்பி வெளியே மழைக்குள்ளும் ஆட்கள் நின்றார்கள். குற்றச்சாட்டை நான் சடையனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். நீண்ட வாக்கியம். முடித்துவிட்டு, "குற்றவாளியா, சுத்தவாளியா?" என்று கேட்டேன்.

சடையன் கொஞ்சம் யோசித்தான். "சிரிச்சவங்களும் இதுல வருவாங்களா ஐயா?"

நீதவானிடம் அப்படியே சொன்னேன். "இப்போதைக்கு இல்லை என்று சொல்லும்" என்றார் கெல்லர்.

"அப்ப சுத்தவாளிங்க."

முதல் சாட்சி, திருவிழாவில் கடமையில் இருந்த சிங்களக் கான்ஸ்டபிள். அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும்; ஆனால் நடித்துக் காட்ட வராது. விறைப்பாக நின்றுகொண்டு, அணிவகுப்புக்குக் கட்டளை கொடுப்பது போல எல்லா வசனங்களையும் ஒரே குரலில் ஒப்பித்தார்.

"கங்காணி சொன்னது: ஏ புள்ள, தேருல சுத்திட்டு ஆடி அசைஞ்சு வர்றியா, காலையில ஆளெடுக்குற பெரட்டுக்கு ஏன் பிந்தி வந்த? அம்மன் சொன்னது: சனங்க கும்பிட்டாங்க, நகர முடியலைங்க. கங்காணி சொன்னது: சூலத்தக் கீழ வையி, செடி கிழியும். உடுக்கைய அடிக்காத, தொரைக்குத் தலைவலி."

ஒவ்வொரு வரிக்கும் மண்டபம் குலுங்கியது. முறைப்பாட்டுக்காரரின் தரப்புச் சாட்சியே இரண்டாவது முறையாகக் கூத்தை அரங்கேற்றிக்கொண்டிருந்தார், அதுவும் அரசாங்கச் சீருடையில். கெல்லர் கண்ணாடியைத் துடைத்தபடியே இருந்தார்.

"கங்காணி சொன்னது: மத்தவளுக்கு ரெண்டு கை, ஒரு கூடை. ஒனக்கு நாலு கை, ரெண்டு கூடை வரணும். ஒண்ணுதான் வந்திருக்கு. போ, ஒனக்கு அரைப் பேர்."

இங்கேதான் எனக்குக் கால் இடறியது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்பார்கள். நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். நான் அவசரத்தில் சொல்லுக்குச் சொல்லாக, அம்மனுக்குப் பாதிப் பெயர் கொடுக்கப்பட்டதாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

கெல்லர் நிமிர்ந்தார். "எந்தப் பாதி?"

விளக்கினேன். அவர் எழுதினார். பிறகு, "இதில் இழிவு எங்கே இருக்கிறது? தேவியைச் சோம்பேறி என்றதிலா, சம்பளத்தைக் குறைத்ததிலா?" என்று வழக்கை நடத்திய இன்ஸ்பெக்டரைக் கேட்டார். இரண்டிலும்தான் என்றார் இன்ஸ்பெக்டர்.

அடுத்தது கோயில் பூசாரி. வயதான மனிதர். சமயத்தைப் பற்றிச் சொல்லத் தகுந்தவர் என்று அழைத்திருந்தார்கள். சடையனுக்காக வாதாடிய புரொக்டர் பெரேரா எழுந்து, கூத்தை எங்கிருந்து பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"நான் பாக்கலைங்க. கருவறைக்குள்ள துன்னூறு மடிச்சிக்கிட்டு இருந்தேன்."

"பிறகு உங்கள் மனம் புண்பட்டது எப்படித் தெரியும்?"

"கங்காணி ஐயாதாங்க காலையில வந்து சொன்னாரு."

"என்ன சொன்னார்?"

"என் மனசு புண்பட்டுருச்சுன்னு சொன்னாரு."

"யாருடைய மனசு? கங்காணியுடையதா, உங்களுடையதா?"

பூசாரி கங்காணியைப் பார்த்தார். "எங்க ரெண்டு பேருதும்ங்க."

பெரேரா உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்பது வீண் செலவு என்று அவருக்குத் தெரியும்.

வீரமலைக் கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாகக் கூண்டில் ஏறினார். ஆள் மரியாதைக்குரிய தோற்றம்தான். ஆனால் எந்தப் பதிலுக்கும் முன்னால் தொண்டையை இருமுறை செருமுவார், இரண்டாவது செருமல் முதலாவதை விட நீளம். அவர் முதன்முதல் செருமியதுமே பின்வரிசையில் யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். மேடையில் சடையனும் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் அப்படித்தான் செருமினானாம். கான்ஸ்டபிள் அதை விட்டுவிட்டார், எப்படிச் சொல்வதென்று தெரியாமல்.

"என்ன நடக்கிறது?" என்றார் கெல்லர் என்னிடம்.

"சாட்சி தொண்டையைச் செருமினார், ஐயா."

"அதற்கா சிரிக்கிறார்கள்?"

"அதற்குத்தான், ஐயா."

அவர் என்னை முழுசாக ஒரு தடவை பார்த்தார். அதுவரை அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதாக ஞாபகம் இல்லை. பிறகு எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை.

பெரேரா மெதுவாகத் தொடங்கினார். அவர் ஆங்கிலத்தில் கேட்பார், நான் தமிழில் கொடுப்பேன்.

"எந்த வார்த்தை உங்களைப் புண்படுத்தியது?"

"அம்மனுக்கு அரைப் பேர் போட்டதுங்க."

"போட்டது யார்?"

"சடையன்."

"சடையன் யாராக நின்று போட்டார்?"

செருமல். "கங்காணி வேசத்துல."

"எந்தக் கங்காணி?"

"பேர் சொல்லலைங்க."

"அது யாரைக் காட்டியது என்று உங்களுக்குத் தெரியுமா?"

ஆம் என்றால் அந்தக் கங்காணி தான்தான் என்று தன் வாயாலேயே பதிவு செய்ய வேண்டும். மண்டபத்தில் அது தெரியாத ஆள் இன்ஸ்பெக்டர் ஒருவர்தான்.

"தெரியாதுங்க" என்றார்.

"நல்லது. கோயிலுக்குப் போய்விட்டுப் பிந்தி வந்த ஒரு பெண்ணுக்கு நீங்கள் எப்போதாவது அரைப் பேர் போட்டிருக்கிறீர்களா?"

இன்ஸ்பெக்டர் எழுந்து ஆட்சேபித்தார். கெல்லர் சின்ன விரலை உயர்த்தினார், இம்முறை இன்ஸ்பெக்டரை நோக்கி.

"அது தோட்டச் சட்டம்ங்க" என்றார் கங்காணி. "பிந்தி வந்தா அரைப் பேர்தான். ஆளு பாத்துச் செய்ய முடியாது."

"அம்மனே வந்தால்?"

"அம்மன் வேலைக்கு வரமாட்டா."

"வந்தால்? பிந்தி வந்தால்? ஒரு கூடைதான் நிறைந்திருந்தால்?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பதை அப்போதுதான் கண்டேன். நெற்றி சுருங்க, உண்மையாகவே யோசித்தார். முப்பது வருடக் கங்காணி அல்லவா. இருமுறை செருமினார்.

"தோட்டச் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாங்க" என்றார்.

நான் அதை ஆங்கிலத்தில் சொல்வதற்குள்ளேயே கூரைத் தகரம் அதிர்ந்தது. கெல்லர் கண்ணாடியைத் துடைத்து முடிக்க அன்று வெகு நேரமானது.

இத்தோடு வழக்கு செத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் இன்ஸ்பெக்டரிடம் நல்ல சாட்சி ஒருத்தி மிச்சம் இருந்தாள். முத்தாயி. கொழுந்து பறிக்கிறவள். அம்மைநோயில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்து, அடுத்த பிள்ளையை அம்மன் காப்பாற்றியதற்காக வருடந்தோறும் தீ மிதிப்பவள். அவளுடைய பக்தியைப் பெரேராவாலும் தொட முடியாது. அவள் கூண்டில் ஏறியதும் மண்டபம் தானாகவே அமைதியானது. பெரேரா நகம் கடிப்பதைக் கண்டேன்.

"கூத்தைப் பார்த்தபோது உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"கஷ்டமா இருந்துச்சுங்க."

இன்ஸ்பெக்டர் திருப்தியோடு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. கஷ்டம் என்றால் வருத்தமா, சங்கடமா, வேதனையா, புண்ணா? புண் என்று நான் சொன்னால், சட்டத்தில் உள்ள அதே சொல், சடையனின் குடும்பம் றோட்டுக்குப் போகும். சங்கடம் என்று சொன்னால் அவள் சொல்லாத ஒன்றைச் சொல்லி அவனைக் காப்பாற்றியவன் ஆவேன். அப்போதுதான் வியர்த்தது.

"மொழிபெயர்ப்பாளரே?" என்றார் கெல்லர்.

"ஐயா, இந்தச் சொல்லுக்கு நாலைந்து பொருள் உண்டு. எது என்று சாட்சியைக் கேட்காமல் என்னால் சொல்ல முடியாது."

"கேளும். சொல்லை மட்டும் கேளும், பதிலைச் சொல்லிக் கொடுக்காதீர்."

நான் முத்தாயியிடம், "அம்மா, எப்பிடியான கஷ்டம்? காயம் பட்ட மாதிரியோ, வேறை மாதிரியோ?" என்று கேட்டேன்.

அவள் தன் நெற்றிக்கு மேலே, மயிர் தேய்ந்து வழுக்கையாகியிருந்த இடத்தில் கையை வைத்தாள். "கூடைக் கயிறு இங்கன அழுத்தும்ல, அந்த மாதிரிங்க. காயமெல்லாம் இல்ல. ஆனா அழுத்துது."

அப்படியே சொன்னேன். கெல்லர் எழுதினார்.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. "அம்மனைக் கூடை தூக்க வைத்தபோதுதானே?"

"அப்ப சிரிச்சேங்க."

"அரைப் பேர் போட்டபோது?"

"அப்பவும் சிரிச்சேன். எனக்கும் அன்னைக்கு அரைப் பேர்தான். அம்மாவும் நானும் ஒண்ணுன்னு நெனச்சிக்கிட்டேன்."

"பிறகு எப்போதுதான் கஷ்டம்?" இன்ஸ்பெக்டரின் குரல் ஏறிவிட்டது.

"கடைசியிலங்க. அம்மாவுக்குக் கோவம் வந்து, நான் எங்க ஊருக்கே போறேன்னு சொல்லுவா. கங்காணி சொல்லுவாரு, எந்த ஊருக்குப் போவ, இங்கயும் ஒனக்குப் பேர் இல்ல, அங்கயும் ஒனக்குப் பேர் இல்லன்னு. அதுக்கு யாரும் சிரிக்கல. அப்பதாங்க."

கான்ஸ்டபிள் தன் ஒப்புவிப்பில் அந்த இடத்தைச் சொல்லவே இல்லை. அது அரசாங்கத்தைப் பற்றியதே தவிர சமயத்தைப் பற்றியதல்ல என்று விட்டுவிட்டதாகப் பிறகு சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். இம்முறை ஆங்கிலச் சொல் இடறவில்லை. இங்கேயும் உனக்குப் பெயர் இல்லை, அங்கேயும் உனக்குப் பெயர் இல்லை. கெல்லர் எழுதி முடித்த பிறகும் பேனாவைத் தூக்காமல் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார்.

சடையன் தானாகவே சாட்சி சொன்னான். பெரேரா இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொண்டார். கெல்லர்தான் என் மூலம் ஒன்று கேட்டார்: "கங்காணியைக் கேலி செய்ய வேண்டுமென்றால் ஒரு சாதாரணப் பெண்ணை வைத்தே செய்திருக்கலாமே. எதற்காகத் தெய்வத்தை இழுத்தீர்?"

"பொம்பள ஒருத்தியக் காட்டினா, அது யாருன்னு கேப்பாங்கய்யா. ஏதாவது ஒரு பேரச் சொல்லித்தான ஆகணும். சொன்னா அவளுக்கு வேல போயிரும். அம்மாவுக்கு யாரு வேலைய நிப்பாட்டுறது?"

"உமக்கு வேலை போகும் என்று நினைக்கவில்லையா?"

"நெனச்சேங்க" என்றான் சடையன். "ஆனா அந்த நேரம் பாத்து சனம் சிரிச்சிருச்சு. நிறுத்த முடியல."

கெல்லர் தீர்ப்பைப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வாசித்தார். சுருக்கமானது. எதிரி சடையனின் நோக்கம் தேவியை இழிவுபடுத்துவது என்று நிரூபிக்கப்படவில்லை. சாட்சிகளில் ஒருவர் சிரித்தார், ஒருவர் பார்க்கவில்லை, ஒருவர் தேவி வந்தாலும் அதையே செய்வதாகச் சொல்கிறார். "இந்த நிகழ்ச்சியில் எவரோ ஒருவர் ஏளனத்துக்கு உள்ளானார் என்பதில் நீதிமன்றத்துக்கு ஐயமில்லை. அவர் இதுவரை முறைப்பாடு செய்யவில்லை. எதிரி விடுவிக்கப்படுகிறார்."

இதையும் நான் கடைசி வரி வரை தமிழில் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. வீரமலைக் கங்காணி முன்வரிசையில் இருந்தார். நான் அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

சட்டம் சடையனை விட்டது. கோயில் விடவில்லை. அடுத்த வருடத்திலிருந்து கூத்தின் வசனங்களை ஒரு மாதத்துக்கு முன்பே கோயில் கமிட்டிக்குச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கமிட்டி முன்னால் சடையன் தன் வயிற்றுவலி முகத்தோடு நின்று எல்லாவற்றையும் ஒப்பித்தானாம். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லையாம். சிரிப்பு வராததால் ஆபத்து இல்லை என்று அனுமதித்தார்களாம். மேடையில் அதே வசனங்களுக்குச் சனம் புரண்டதாம். அதற்கடுத்த வருடம் கோமாளி வேடத்தையே எடுத்துவிட்டார்கள். தன் தோட்டத்தில் வாய் கட்டப்பட்ட பிறகு சடையன் மற்றத் தோட்டங்களுக்குப் போனான். கொத்மலைப் பக்கமெல்லாம் அழைத்தார்கள். வழக்கு அவனுக்குப் பெரிய விளம்பரமாகிவிட்டது. பெரிய துரையும் அவனை ஒன்றும் செய்யவில்லை. தண்டனை கிடைக்கவில்லையே, தான் சொன்ன சொல் அதுதானே என்றாராம். ஆனால் தோட்டத்தில் மிகச் செங்குத்தான மலைகளின் கவ்வாத்து எல்லாம் அதன் பிறகு எப்படியோ சடையனின் பங்குக்கே வந்தது. அதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

தீர்ப்பு வந்து ஒன்றிரண்டு மாதமிருக்கும். ஒரு ஞாயிறு காலை வீரமலைக் கங்காணி என் குவாட்டர்சுக்கு வந்தார். கோட்டு இல்லை, தலைப்பாகை இல்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து என் மனைவி உள்ளே போய்க் கதவோரம் நின்றுகொண்டாள். அவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஐயா, அன்னைக்குப் பேசுனதெல்லாம் எழுதி வச்சிருப்பாங்கல்ல?"

"ஓம். எல்லாம் இருக்கு."

"அழிக்க மாட்டாங்களா?"

"அழிக்க ஏலாது. கோர்ட்டுப் பதிவு."

"இங்கிலீசுலதான இருக்கு. அதப் படிச்சா சிரிப்பு வருமா?"

நான் யோசித்தேன். கெல்லரின் கையெழுத்தில் அந்தப் பக்கங்களைப் பிறகு பார்த்திருக்கிறேன். நாலு கை, இரண்டு கூடை, பாதி நாள் சம்பளம் என்று எல்லாம் சரியாகவே இருந்தன.

"வராது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஆறுதலடைந்தாரா, இல்லையா என்று தெரியவில்லை. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவர் கோப்பையைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை.

"ஐயா, சனம் சிரிச்சதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. கங்காணியப் பாத்து சனம் சிரிக்கத்தான் செய்யும், முன்னால சிரிக்காட்டி பின்னால. அன்னைக்கு என் சம்சாரம் முன்வரிசையில உக்காந்திருந்தா. கல்யாணம் ஆன நாள்லருந்து அவ என் முன்னால சத்தமாச் சிரிச்சு நான் கண்டதில்ல. அன்னைக்கு வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சா. கண்ணுல தண்ணி வந்துருச்சு அவளுக்கு. அத இன்ஸ்பெக்டர் ஐயாகிட்ட எப்படிச் சொல்றது? அம்மனச் சொன்னேன்."

"வீட்டிலை கேட்டுப் பாத்தனீங்களே, ஏன் சிரிச்சவா எண்டு?" என்றேன்.

"கேட்டேங்க. உங்க கொரல் மாதிரியே இருந்துச்சுன்னா."

"பிறகு?"

"நான் அப்படியா பேசுறேன்னு கேட்டேன்." அவர் இருமுறை செருமினார். "அதுக்கும் சிரிச்சா."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கதவோரம் என் மனைவி அவசரமாகக் குசினிக்குள் போவது கேட்டது. நாங்கள் இருவரும் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடித்தோம்.